புரட்டாசிச் சனிக்கிழமையும் பன்னிரண்டு துண்டு மீனும்

டெக்சாஸின் காப்பெலில் தமிழ்க் குடும்பங்கள் கூடிச் சாப்பிடும் எந்த வீட்டிலும், செப்டம்பர் பாதி தாண்டிவிட்டால் சமையலறையில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "நாகமணி வர்றாங்களா? அப்ப பனீரைத் தனியா எடுத்து வெச்சுருங்க" என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பேச்சில் மாற்றமில்லை. புரட்டாசி பிறந்துவிட்டால் நாகமணி கறி, மீன், முட்டை எதையும் தொடமாட்டாள். தொடாததோடு நின்றாலும் பரவாயில்லை. கரண்டி மாறிவிடுமோ என்று பாத்திரம் பாத்திரமாக எட்டிப் பார்ப்பாள். ஒருமுறை ஆபீஸ் பார்பெக்யூவில் மேனேஜரே ஏப்ரன் கட்டிக்கொண்டு சோளக்கதிர் சுட்டுக் கொடுத்தார். இது எந்தப் பக்கத்துக் கம்பியில் சுட்டது என்று கேட்டு அந்த மனுஷனைத் திகைக்க வைத்தவள் அவள்.

மற்றப் பதினோரு மாதமும் அவளுக்கு மீன் என்றால் உயிர். கோபிசெட்டிபாளையத்துக்காரி. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கவலைப்படாத ஊர். பவானிசாகர் அணை மீனைத் தவிர வேறு மீன் அவள் வளர்ந்த வீட்டுக்கு வந்ததில்லை. டெக்சாஸுக்கு வந்தபின்தான் சால்மனையும் திலாப்பியாவையும் பார்த்தாள். பார்த்த கையோடு புளியைக் கரைத்து ஊற்றி, அவற்றையும் கோபி மீன்களாக்கிவிட்டாள்.

புரட்டாசி நோன்புக்குப் பெரிய வேண்டுதல் எதுவும் கிடையாது. பிறந்த வீட்டில் எல்லாரும் இருந்தார்கள், அவளும் இருந்தாள். கல்யாணமாகி வந்தபின்னும் விடவில்லை. கணவர் கிட்டுசாமியும் முதலில் கூடவே இருந்தார். பிறகு மதிய உணவுக்கு வெளியே போனால் விட்டுக்கொடுத்தார், பிறகு மொத்தமாகவே விட்டுவிட்டார். வீட்டுக்குள் மட்டும் சட்டம் அவளுடையது. புரட்டாசி ஒன்றாம் தேதி, கோழிப் பைகளெல்லாம் கராஜில் இருக்கும் பெரிய ஃப்ரீசருக்குப் போய்விடும். மூடியின் குறுக்கே டேப்பை ஒட்டி, அதன்மேல் மார்க்கர் பேனாவால் 'அக்டோபர் 17 வரை' என்று எழுதிவைப்பாள். இந்த வருஷமும் எழுதினாள்.

ஆனால் இந்த வருஷம் எழுதியபோது கைதான் எழுதியது. அவள் எங்கோ இருந்தாள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினாலு வருஷம் டெஸ்டிங் வேலை பார்த்த கம்பெனி, பத்து நிமிஷ வீடியோ காலில் அவளை வீட்டுக்கு அனுப்பியது. வீட்டில்தான் இருந்தாள், அது வேறு விஷயம். லேப்டாப்பை மூடினாள். அழுகை வருவதுபோல் இருந்தது. குக்கரை வைத்துவிட்டு அழுதுகொள்ளலாம் என்று எழுந்துபோய் அரிசி களைந்தாள். குக்கர் இறங்கியபோது அழுகை போயிருந்தது. அதற்குப்பிறகு அது திரும்பி வரவேயில்லை.

ஆகஸ்டில் ஒரே மகள் சண்முகப்ரியாவை ஆஸ்டினில் கல்லூரி ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தார்கள். ப்ரியா இருந்தவரை அந்த வீட்டில் பேச்சு இருந்தது. அவள் இங்கிலீஷில் பேசுவாள், இவர்கள் தமிழில் திட்டுவார்கள், ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கிட்டுசாமி மாடியறையில் காதில் ஹெட்போனோடு காலையிலிருந்து மாலைவரை மீட்டிங்கில் இருப்பார். நாகமணி கீழே டைனிங் டேபிளில் வேலைக்கு அப்ளை பண்ணிக்கொண்டிருப்பாள். ஒரு மணிக்கு அவள் வாட்ஸப்பில் 'லஞ்ச்?' என்று கேட்பாள். 'கமிங்' என்று மேலிருந்து பதில் வரும். பதினாலு படி, அதற்கு ஒரு சாட்டிலைட் வேண்டியிருந்தது இரண்டு பேருக்கும்.

சண்டை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிட்டுசாமி குடிக்கிறவரோ கத்துகிறவரோ இல்லை. அவளுடைய காருக்கு ஆயில் மாற்றும் தேதியை அவளைவிட நன்றாக அறிந்தவர். இன்டர்வியூ என்ன ஆயிற்று என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்டால் நோகுமோ என்று கேட்காமல் விட்டார். அவர் கேட்கவில்லையே என்று அவளும் சொல்லாமல் விட்டாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் ஆறு மாதம் இப்படியே கழிந்தது.

செப்டம்பர் கடைசி வாரம், வியாழக்கிழமை, ஐசலினிலிருந்து வேலை வந்தது. நியூ ஜெர்சி. வாரம் மூன்று நாள் ஆபீஸுக்கு வந்தே ஆகவேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நாகமணிக்கு எதையும் பேப்பரில் படித்தால்தான் மனதில் ஏறும். கீழிருந்து பிரிண்ட் கொடுத்துவிட்டு, பிரிண்டர் இருக்கும் மாடியறைக்குப் போனாள். கிட்டுசாமி திரையில் யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. வந்திருந்த நான்கு தாள்களை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான்காவது தாள் இன்சூரன்ஸ் விவரத்தோடு முடிந்தது. மூன்று முறை படித்தாள். சந்தோஷமா, பயமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கிணற்றில் போட்ட கல் மாதிரி உள்ளிருந்து சத்தமே வரவில்லை.

அவரிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கிட்டுசாமியே கீழே இறங்கி வந்து, சனிக்கிழமை ஐந்தரைக்கு ஓரிடம் போகிறோம் என்றார். அவர்களுடைய கல்யாண நாள் ஆவணியில் வருவது. அந்த நாளுக்காக, சோற்றின்மேல் பச்சை மீனை வைத்துத் தரும் ஒரு சுஷி கடையில் இரண்டு மாதமாக இடம் தேடியிருக்கிறார். பத்தே நாற்காலி உள்ள கடை. முன்பதிவு திறந்த ஐந்து நிமிஷத்தில் எல்லாம் போய்விடுமாம். இரண்டு ப்ரௌசரைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தும் கல்யாண நாளுக்குக் கிடைக்கவில்லை. மூன்று வாரம் தள்ளித்தான் கிடைத்தது. அவள் போனில் தேடிப் பார்த்தாள். அங்கே மீனைத் தவிர வேறெதுவும் கிடையாது, சைவம் கேட்டால் வராதீர்கள் என்று வெப்சைட்டிலேயே போட்டிருக்கிறார்கள்.

மூன்று வாரம் தள்ளினால் புரட்டாசி. அதுவும் சனிக்கிழமை. நாகமணி சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். இந்த அமெரிக்காவில் வேறு எந்தப் புருஷனும் இப்படி ஒரு தப்பைப் பண்ணியிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள். வழக்கமாக இருந்தால் அங்கேயே ஒரு பாட்டம் சண்டை பிடித்திருப்பாள். அன்று சரிங்க என்றாள்.

இரவு படுக்கையில் அவளாகவே ஒரு கணக்குப் போட்டாள். அவராக வாயைத் திறந்து, அங்கே உட்காருவதற்குள், 'இவ இந்த மாசம் மீன் சாப்பிடமாட்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால், ஐசலினுக்கு வரவில்லை என்று எழுதிவிடுவது. சொல்லாவிட்டால் போய்விடுவது. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கே தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருஷம் அவளேதான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு தடவை அவர் சொல்லட்டுமே!

சனிக்கிழமை காலையில் அவர் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்துவைக்க கராஜுக்குப் போனார். உள்ளே வர வெகுநேரம் ஆனது. வந்து, காபி இருக்கா என்று மட்டும் கேட்டார். மதியம் ப்ரியா போன் பண்ணி, படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஹேவ் ஃபன் என்றாள். நாகமணி மயில்கழுத்து நிறச் சுடிதாரை எடுத்து உடுத்திக்கொண்டாள். காரில் இருபது நிமிஷம். ரேடியோ ஓடியது. அவர் சொல்லவில்லை.

கடையைப் பார்த்தால் கடை என்றே தோன்றாது. கடைகள் வரிசையாக ஒட்டியிருக்கும் ஒரு ஸ்ட்ரிப் மாலில், பல் டாக்டருக்கும் மெத்தைக் கடைக்கும் நடுவே ஒரு மரக்கதவு. போர்டு இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகையில் ஏதோ எழுதியிருந்தது. கிட்டுசாமி இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். உள்ளே ஒரே ஒரு நீள மரமேடை, அதன் இந்தப்பக்கம் பத்து நாற்காலி. அந்தப்பக்கம் அறுபது அறுபத்தைந்து வயதுள்ள ஒரு ஜப்பான்காரர், வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை. சுவரில் படமில்லை, பாட்டில்லை. ஏற்கெனவே உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் கோயிலில் நிற்பவர்கள்போல் தணிந்த குரலில் பேசினார்கள். ஒரு பெண்மணி வந்து சூடான ஈரத் துண்டும் பச்சைத் தேநீரும் வைத்தாள்.

இங்கே மெனு கிடையாது. அந்தப் பெரியவர் அன்றைக்கு எது நன்றாக இருக்கிறதென்று நினைக்கிறாரோ, அதை ஒவ்வொன்றாகச் சோற்றோடு சேர்த்துப் பிடித்து முன்னால் வைப்பார். வைத்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். கையாலேயே எடுக்கலாம், கையால் எடுப்பதுதான் முறையும்கூட. இப்படி மொத்தம் பன்னிரண்டு.

தொடங்குவதற்கு முன் பெரியவர் ஒவ்வொருவரிடமும் வந்து, அலர்ஜி ஏதாவது உண்டா, சாப்பிடாதது ஏதாவது இருக்கிறதா என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் இவர்கள் முன்னால் நின்றார். கிட்டுசாமி தனக்கு எதுவுமில்லை என்றார். பிறகு திரும்பி நாகமணியைப் பார்த்தார். நாகமணி அவரைப் பார்த்தாள். இரண்டு மூச்சு நேரம் இருக்கும். ஜப்பான்காரர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"எவ்ரிதிங் இஸ் ஃபைன்" என்றாள் நாகமணி.

கிட்டுசாமி தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

முதல் துண்டு வெள்ளை மீன். பெரியவர் விரலை நீரில் நனைத்து, ஒரு கொத்துச் சோற்றை எடுத்து, மேலே மீனை வைத்து, இரண்டு விரலால் அமுக்கி, திருப்பி, இன்னொரு அமுக்கு அமுக்கி அவள் முன்னால் வைத்தார். சோறு இன்னும் இளஞ்சூடாக இருந்தது. எட்டாவது படிக்கும்போதிலிருந்து புரட்டாசிச் சனிக்கிழமையில் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டவள். பெருமாளே என்று ஒரு வார்த்தையாவது உள்ளே எழும் என்று எதிர்பார்த்தாள். எழவில்லை. எடுத்து வாயில் போட்டாள், மென்றாள், விழுங்கினாள். இடி இறங்கவில்லை. மேடைக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டாவது கணவாய். மூன்றாவது சிவப்பு மீன். மூன்றாவதிலிருந்து அவளுக்கு வைக்கும் சோறு மட்டும் சற்றுச் சிறிதாகியிருந்தது. அவள் மெல்லுவதைப் பார்த்தே பெரியவர் குறைத்திருக்கிறார், கேட்கவில்லை. முன்பின் தெரியாத மனுஷர், பத்து நிமிஷப் பழக்கம். நாகமணிக்கு அது உறைத்தது, ஆனால் வலிக்கவில்லை.

கிட்டுசாமியின் பாடு வேறு. பச்சை மீன் என்றாலே அவருக்குக் குமட்டும், அது அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் மாத்திரை போடுவதுபோல் வாயில் போட்டுத் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரு துண்டு வந்து இறங்கும்போதெல்லாம், அவள் கை எழும்முன் அவளுடைய முகத்தையே பார்த்தார். பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்து அவள் தலையாட்டினாள். அவரும் தலையாட்டினார்.

ஆறாவது துண்டின்போது பெரியவர், ஏதும் விசேஷமா என்று கேட்டார். கல்யாண நாள், மூன்று வாரம் முன்னால் என்றார் கிட்டுசாமி. பிறகு, யாரும் கேட்காமலே, எட்டு வருஷத்துக்கு முன்னால் டிவியில் இதுபோல் ஒரு கடையைப் பார்த்துவிட்டு, செத்துப்போவதற்குள் ஒரு தடவையாவது இப்படிக் கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும் என்று தன் மனைவி சொன்னாள் என்றும், அதனால்தான் கூட்டிவந்தேன் என்றும் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொன்னார். பெரியவர் நாகமணிக்குத் தலை வணங்கினார்.

எட்டு வருஷம்! சொன்னது அவளுக்கே மறந்திருந்தது. மடியில் வைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னது. அதை ஒருவர் எட்டு வருஷம் எடுத்துவைத்திருக்கிறார். அந்த நிமிஷம் நாகமணிக்கு வாய்வரை வந்துவிட்டது. 'மாமா, இன்னிக்குப் பொரட்டாசி சனிக்கெழமைங்க, என்னால முடியாதுங்க' என்று சொல்லிவிட்டால் போதும். அசடு வழிவார், மன்னிப்புக் கேட்பார், வெளியே போய் ஒரு காளான் பீட்சாவைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஐசலின் ஐசலினிலேயே இருக்கும். ஆனால் ஆறு துண்டு ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. இனி எதைச் சொல்ல? அதற்குள் ஏழாவது வந்து உட்கார்ந்தது. கோபி பந்தியில் போதும் போதும் என்று இலையை மறைத்தாலும் ஊற்றிவிட்டுப் போவார்களே, அதுபோல் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. சாப்பிட்டாள்.

எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. விலாங்கு மீன், வினிகரில் ஊறிய வெள்ளித்தோல் மீன், கடலில் எதன் வயிற்றிலிருந்தோ எடுத்த மஞ்சள் சதை. பன்னிரண்டாவது முட்டை, கேக் மாதிரி ஒரு சதுரம். அதுவும் புரட்டாசிக்கு ஆகாதது. முடித்துவிட்டு நாகமணி துண்டில் விரலைத் துடைத்தாள். பெரியவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. காரில் ஏறி உட்கார்ந்தபின் கிட்டுசாமி வண்டியைக் கிளப்பவில்லை. எதிரே மெத்தைக் கடையின் கண்ணாடியில் விற்பனை போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான் ஒருவன். அவன் நான்கு மூலையையும் ஒட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி, இன்னிக்குப் பொரட்டாசி சனிக்கெழமை" என்றார்.

"தெரியுமுங்க."

"காலைல கராஜ்ல டேப்பைப் பாத்தேன். புக் பண்றப்ப சத்தியமா நெனப்பில்ல. காலைலதான் தெரிஞ்சுது."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "தெரிஞ்சும் ஏனுங்க மாமா சொல்லல?"

"நீயா சொல்றயான்னு பாத்துட்டு இருந்தேன்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். பிரித்து அவள் மடியில் வைத்தார். ஆஃபர் லெட்டரின் ஐந்தாவது பக்கம். கீழே அவள் பெயர், அதன்மேல் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"வியாழக்கெழமை பேப்பர் தீந்துபோயிருந்துச்சு. நீ கீழ போனதுக்கப்பறம் நான் பேப்பர் போட்டேன், இது வந்துச்சு" என்றார். கொஞ்சநேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "அந்த ஆளு சாப்பிடாதது என்னன்னு கேட்டான் பாரு, அப்ப நீ வாயத் தொறந்து சொல்லியிருந்தீன்னா, சரி, இவ இன்னும் நம்ம ஊட்லதான் இருக்கறா, போமாட்டான்னு நெனச்சுக்கலாம்னு இருந்தேன். ஊருக்கே சொல்றவ நீ. ஒவ்வொன்னுக்கும் பாத்தேன், மணி. பன்னெண்டுக்கும் பாத்தேன்."

நாகமணி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுடைய கணக்கும் அவருடைய கணக்கும் ஒரே கணக்கு. இரண்டு பேரும் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்க சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லி இனி என்ன என்று பட்டது. அழுகை வருமா என்று காத்துப் பார்த்தாள். மார்ச் மாதம் போன அழுகை அது, இன்றைக்கும் வரவில்லை.

"மீனு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் கிட்டுசாமி, வண்டியைக் கிளப்பியபடி.

யோசித்துப் பார்த்தாள். பன்னிரண்டில் ஒன்றின் ருசியும் நினைவில்லை. சோற்றின் சூடு மட்டும் விரலில் இருந்தது.

"நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகமணி தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு கராஜுக்குப் போனாள். ஃப்ரீசர் மூடியின் டேப்பை ஒரு முனையில் நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தாள். அக்டோபர் பதினேழுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. டேப்பைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, டைனிங் டேபிளில் வந்து உட்கார்ந்து, ஐந்தாவது தாளில் கையெழுத்துப் போட்டாள். பேப்பரில் போட்டால் செல்லாது, கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும், அது தெரியும். அதையும் போட்டாள்.

போனில் 'சைன் பண்ணிட்டேனுங்க' என்று டைப் அடித்தாள். அனுப்பவில்லை. எழுந்து பதினாலு படியும் ஏறிப்போய், அறை வாசலில் நின்று வாயால் சொன்னாள். கிட்டுசாமி ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். பிறகு எழுந்து, கூரைக்கடியில் உள்ள அட்டிக் பரணின் ஏணியை இழுத்து இறக்கி, மேலே ஏறினார். இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"பெரிய பெட்டி ஒன்னு போதுமா, சின்னதும் வேணுமா?"

நாகமணி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டும் வேணுமுங்க" என்றாள்.